குறைந்துபோன ஐந்து மாத்திரைகள்

என் மனைவிக்குக் கால் பெருவிரல் வீங்கியபோது சிகாமட் கிளினிக்கில் முப்பது மாத்திரைகள் கொடுத்தார்கள். யூரிக் அமிலத்தைக் குறைப்பதற்கு, ஒரு நாளைக்கு ஒன்று. கவுண்டரை விட்டு நகரும் முன்பே எண்ணிவிட்டேன். தினமும் காலையில் நானே எடுத்துக் கொடுத்தேன்.

பதினெட்டாம் நாள் விடிந்தபோது அவள் கழுத்தில் நான்கு சிவப்புத் தடிப்புகள், கைகளில் ஏழு. முதுகில் இருந்தவற்றை எண்ண முடியவில்லை. உதட்டுக்குள் புண், உடம்பில் சூடு.

"நேத்துத் தின்ன இறால் சம்பால்தாங்க. ரெண்டு நாள்ல போயிரும்," என்றாள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. அன்றைய மாத்திரையைக் கொடுக்காமல், மருந்து வைக்கும் பிஸ்கட் டின்னையும் தூக்கிக்கொண்டு அவளைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டர் பார்த்ததும் அந்த மாத்திரையை நிறுத்தினார். மறுபடி ஒன்று சாப்பிட்டாலும் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டிக்குச் சொல்லிவிட்டு, மருந்தாளரை வரச் சொன்னார்.

வந்தவர் எங்கள் மகளைவிட இளையவர். நாற்காலியை இழுத்து என் மனைவி பக்கத்தில் போட்டுக்கொண்டு மருந்து ஒத்துக்கொள்ளாததைப் பதிகிற பாரம் ஒன்றை நிரப்பத் தொடங்கினார். எந்த மருந்து, எப்போது தொடங்கியது, தடிப்பு எப்போது வந்தது, நாட்டு மருந்து ஏதும் உண்டா, எத்தனை மாத்திரை மீதி? ஐந்து கேள்விகள். வெளியே நாற்பத்திரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர் ஒருமுறைகூட வாசல் பக்கம் திரும்பவில்லை.

ஐந்தாவது கேள்வியில் நான் மாட்டிக்கொண்டேன். பதினேழு நாள், பதினேழு மாத்திரை. பதின்மூன்று இருக்க வேண்டும். டின்னில் எட்டுதான் இருந்தன. மூன்று முறை எண்ணினேன். எனக்கு எழுபத்து நான்கு வயது. சில நாள் கொடுத்ததை மறந்து இரண்டாவதும் கொடுத்துவிட்டேனோ என்று டின்னைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன்.

மருந்தாளர் என்னைப் பார்க்காமல் அவளிடம் மெதுவாகக் கேட்டார். "ஆன்ட்டி, யாருக்காச்சும் கொடுத்தீங்களா?"

அவள் சேலை முந்தானையைத் திருகினாள். "பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் இதே விரல்தாம்மா வீங்குச்சு. பாவம், லோரி ஓட்டுற ஆளு. அஞ்சுதான் கொடுத்தேன்."

"அலமாக், ஆன்ட்டி! தீபாவளிப் பலகாரமா இது, வீட்டுக்கு வீடு தட்டுல கொடுக்க?"

அவளே சிரித்துவிட்டாள். மருந்தாளர் அங்கிருந்தே அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். அரை மணி நேரத்தில் அவர் வந்து, சட்டைப் பையிலிருந்து இரண்டு மாத்திரைகளை எடுத்து வைத்தார். மூன்றை விழுங்கியிருந்தார்.

"அக்கா மீன் கறி கொடுத்தா வலி போயிருது. மாத்திரையும் அப்படித்தான்னு நினைச்சேன் லா," என்றார்.

அவரையும் டாக்டரிடம் காட்டினார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"நீங்க இவளத் திட்டவே இல்லையே," என்றேன் மருந்தாளரிடம்.

"திட்டினா அடுத்த தடவை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்க, அங்கிள். அப்புறம் இந்தப் பாரத்துல நான் என்னத்த எழுதுறது?"

பாரம் தலைநகருக்குப் போகும், பல ஊர்ப் பாரங்கள் ஒன்றுசேரும்போதுதான் எந்த மருந்து யாரைப் படுத்துகிறது என்று தெரியும் என்றார். என் மனைவி மறைக்கப் பார்த்த ஒரு சின்ன விஷயத்துக்கு அவர் கொடுத்த மதிப்பை நான் மறக்கவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். தோல் உரிந்து, புதுத் தோல் வந்தது. வீட்டுக்கு வந்தபின் கிளினிக்குக்குப் போனபோது, ஒத்துக்காத அந்த மருந்தின் பெயர் எழுதிய அட்டை ஒன்றை மருந்தாளர் அவள் பர்ஸில் தன் கையாலேயே வைத்தார்.

அடுத்த ஆண்டு அவருக்கு லாயாங் லாயாங் பக்கம் மாற்றலாகிவிட்டது. இனி யார் கேட்பார்கள் என்று எனக்குக் கவலை. ஒருநாள் தடிப்போடு வந்த ஒருவரிடம், புதிதாக வந்த பையன் பழைய மருந்தாளர் கவுண்டரில் ஒட்டிவிட்டுப் போன தாளைப் பார்த்துப் பார்த்துக் கேட்டான். எண்ணினேன். அதே ஐந்து கேள்விகள்.

போன மாதம் தம்போயில் மகள் வீட்டில் இருந்தபோது என் மனைவிக்கு விரல் மறுபடி வீங்கியது. அந்த ஊர்க் கிளினிக்கில் எங்களை யாருக்கும் தெரியாது. டாக்டர் எழுதத் தொடங்கியவர், பேனாவை நிறுத்தி, "ஒத்துக்காத மருந்து ஏதும் இருக்கா?" என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் என் மனைவி அட்டையை மேசையில் வைத்துவிட்டாள். அவர் எழுதியதை அடித்துவிட்டு வேறு மருந்து எழுதினார்.

கவுண்டரில் வாங்கியதும் நான் மாத்திரைப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

"எண்ணிக்குங்க," என்றாள். "இதுல ஒண்ணுகூட யாருக்கும் கொடுக்க மாட்டேன்."

எழுதிய பதினான்கும் இருந்தன.