கேப்சூல் போட்டுச் சாப்பிட்ட பிரியாணி

என் கணவர் சர்க்கரை நோயாளி. நடந்து நடந்து உடம்பைக் குறைத்தவர், அது திரும்ப ஏறிவிடக் கூடாதென்று சோற்றையே தள்ளி வைத்திருந்தார். படப்பையில் அவருடன் வேலை பார்க்கும் நண்பர்தான் அந்தக் கேப்சூல் டப்பாவைக் கொடுத்தார். "மச்சான், இத்த முழுங்கிட்டு துன்னு. சோறு உடம்புல ஒட்டவே ஒட்டாது."

ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான சர்க்கரை மாத்திரையோடு அதையும் போட்டுக்கொண்டு பிரியாணி சாப்பிட்டார். சற்று நேரம் கழித்து, "காபி போடவா?" என்றுதான் கேட்டேன். கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை என் முகத்தில் வீசினார். தலைமுடியைப் பிடித்து ஃபிரிட்ஜில் மோதினார். அதுவரை என்மேல் கை ஓங்கியதே இல்லாத மனிதர்!

என் அலறல் கேட்டு ஓடிவந்த மாடிவீட்டு மேரி அக்கா, "ஐயோ, சட்டையெல்லாம் வேர்த்து நனைஞ்சு கீது பாரு. சுகர் எறங்கிடுச்சுடி!" என்று கத்தியபடி அவரை இறுக்கிப் பிடித்தார். நான் குளுக்கோஸைக் கரைத்து ஊற்றினேன். வாயைத் திறந்து பிடித்த அக்காவின் விரலை ரத்தம் வரக் கடித்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் தெளிந்தவர், கிழிந்திருந்த என் உதட்டைப் பார்த்துப் பதறினார். "யாருடி உன்ன அடிச்சது?"

சோற்றுச் சர்க்கரையை உடம்பில் சேரவிடாமல் கேப்சூல் தடுக்க, மாத்திரை இருந்ததையும் இறக்கிவிட்டது; சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினால் மூளை குழம்பி, ஆள் இப்படி மூர்க்கமாகிவிடுவதுண்டு என்றார் டாக்டர். டப்பா குப்பைக்குப் போனது. டாக்டரைக் கேட்காமல் எந்தக் கேப்சூலும் இனி எங்கள் வீட்டு வாசலைத் தாண்டாது.

இப்போதெல்லாம் அவர் குரல் உயர்ந்தால், முதலில் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்க்கிறேன். அளவு சரியாக இருந்தால், அப்புறம் இருக்கிறது அவருக்கு!

– ஒரு வாசகி, அஸ்தினாபுரம்