உட்காருகிறவர்கள் பட்டியல்

1. ஸ்டூல்

"பாய், உடனே வாங்க" என்று அண்ணாச்சி போனில் சொன்னால் நான் அவர் கடையில் மாட்டிய கேமராக்களின் படத்தைப் பதிகிற டிவிஆர் பெட்டி செத்துவிட்டது என்று அர்த்தம். அன்றும் ஒரு ஹார்ட் டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்கு ஓடினேன். தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. போய்ப் பார்த்தால் பட்டுப்புடவைக் கடையின் பதினாறு கேமராவும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. அவர் பழுது என்று நினைத்தது இரண்டாவது மாடியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்ததும், முதலாளியான அண்ணாச்சி மாடிக்கு இரண்டு வீதம் ஆறு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கினார். உறை மட்டும் பிரிக்கவில்லை. "ஸ்டூல் இருக்கணும்னுதான் பாய் சட்டம். உக்காந்தே ஆகணும்னு எங்க போட்டிருக்கு?" என்பார். பட்டு செக்‌ஷனில் பன்னிரண்டு வருடமாக நிற்கிற வசந்தா, சிந்தாதிரிப்பேட்டைக்காரர், ஒரு நாள் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். காலில் நரம்பு சுருண்டு, சாயங்காலமானால் கணுக்கால் வீங்கிவிடும் அவருக்கு.

"இவ உக்காந்தா நாளைக்கு எல்லாரும் உக்காருவாங்க" என்றார் அண்ணாச்சி. "வேலையை விட்டு நிப்பாட்ட லெட்டர் அடிச்சு வச்சாச்சு. ஆதாரம் வேணும்னு வக்கீல் சொல்லுதாரு. கேமராவுல பாத்து ஒரு லிஸ்ட் போடுங்க. கடையில யாரு யாரு எவ்வளவு நேரம் உக்காருதாங்கன்னு. ஒருத்தரையும் விடக்கூடாது. இவளை மட்டும் குறி வச்சோம்னு எவனும் சொல்லிரக் கூடாது பாருங்க."

எனக்கு அப்போது அதில் ஒன்றும் தவறாகப் படவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. "எந்தத் தேதி ரெக்கார்டிங்?" என்று மட்டும் கேட்டேன். சர்வீஸ் ஸ்லிப்பில் எழுதிக்கொண்டேன்: செவ்வாய்க்கிழமை, எல்லா மாடி, எல்லோரும்.

2. பிளேபேக்

டிவிஆர் இருக்கிற அறை முன்பு கழிவறையாக இருந்தது. குழாயை இன்னும் எடுக்கவில்லை. அதன் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு மூன்று நாள் உட்கார்ந்தேன். எட்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால் கடை முழுக்க எல்லோரும் பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓடுவார்கள். யாராவது உட்கார்ந்தால் படத்தை நிறுத்தி, நோட்டில் பெயர், நேரம். அரைகுறை வேலை என் கைக்குப் பழக்கமில்லை.

இரண்டாம் நாள் வசந்தா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னா பாய், என் படம் ஓடிக்கினு கீதாமே. நான் பாக்கலாமா?"

"அட்மின் பர்மிஷன் வேணும்மா."

"மூஞ்சி என்னுது. பர்மிஷன் அவருதா?"

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்கு பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்திருக்கிறேன். முதலாளிக்கு, முதலாளி மகனுக்கு, துபாயில் இருக்கிற மருமகனுக்குக்கூட. படத்தில் இருப்பவர் யாரும் அதுவரை கேட்டதில்லை. நானும் கொடுக்க நினைத்ததில்லை. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அது பெரிய அநியாயம். அன்று மானிட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

தான் உட்கார்ந்திருந்ததை அவர் கவனிக்கவே இல்லை. அலமாரியிலிருந்து கவுன்ட்டருக்குக் காலை இழுத்து இழுத்து நடந்து வருகிற இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.

"நான் இப்டியா நடக்கிறேன்?" என்றார். பிறகு தன் காலைப் பார்த்துக்கொண்டே நடந்து போனார்.

மூன்றாம் நாள் எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. மதியம் ஒன்றரை மணிக்குப் பெண்கள் ஒன்பது பேர் எல்லாக் கேமராவிலிருந்தும் காணாமல் போகிறார்கள். இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வருகிறார்கள். பதினோராவது கேமரா லஞ்ச் ரூமில் இருக்கிறது. அதில் மேனேஜர் சுந்தரம் மட்டும் தனியாகத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். டிஸ்கில் கோளாறோ என்று நினைத்து, ஒன்றரை மணிக்கு நானே படியேறித் தேடினேன்.

இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில், படி திரும்புகிற இடத்தில், சரக்கு மூட்டைகளுக்கு நடுவே ஒன்பது பேரும் நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கேபிள் மிச்சமாகட்டும் என்று நான் கேமரா போடாமல் விட்ட மூலை அது.

"இங்க படம் விழாதுன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"நீ மாட்டிட்டுப் போன மறுநாளே பாத்துட்டோம்" என்றார் வசந்தா. "ஒருத்தி மேனேஜர் ரூம் டிவியைத் துடைக்கற மாதிரி நின்னுக்கினா. நாங்க ஒவ்வொரு எடமா போய் நின்னோம். இங்க வந்து நின்னா டிவில நாங்க இல்ல."

எந்த இடம் படத்தில் விழும், எது விழாது என்று நான் செய்திருக்க வேண்டிய சைட் சர்வே அது. எனக்கு ரோஷமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. "அதுக்காக லஞ்ச் ரூமை விட்டுட்டு நின்னுக்கிட்டா சாப்பிடுவீங்க?" என்றேன்.

"அண்ணாச்சி போன்ல பாக்கறாரு பாய். போன மாசம் ஒரு பொண்ணு ரெண்டாவது வாட்டி சோறு போட்டுக்கினா. சாயங்காலம் மேனேஜர் வந்து கேக்கறாரு, 'இன்னாம்மா, இன்னிக்கி நல்ல பசியா'ன்னு. அதுக்கப்புறம் அந்த ரூம்ல யார் வாயத் தொறப்பா?"

அந்த அறையில் கேமரா போடச் சொன்ன நாளில், லஞ்ச் ரூமிலா என்று நான் கேட்டிருக்கலாம். கூரையில் கவிழ்க்கிற டோம் கேமராவா, நீளமான புல்லட் கேமராவா என்றுதான் கேட்டேன்.

3. நோட்டீஸ் போர்டு

பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அதிக நேரம் உட்கார்ந்தவர் மேலே, குறைந்த நேரம் கீழே. முதல் பெயர்: முதலாளி, ஒன்பது மணி பத்து நிமிடம். குறிப்பு என்ற கட்டத்தில், 'இதில் கண் மூடியிருந்தது ஒரு மணி ஐம்பது நிமிடம்'. வேண்டுமென்றே செய்தாயா என்று என் மனைவி இன்றுவரை கேட்கிறாள். ஒருத்தரையும் விடக்கூடாது என்றார், கல்லாவுக்கு மேலே இருப்பது முதல் கேமரா, அதனால் முதலில் எண்ணியதும் அவரைத்தான். ஆனால் அந்தக் குறிப்புக் கட்டம் யாரும் கேட்டு நான் போட்டதில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது மேனேஜர். வசந்தா கடைசிக்கு முந்தின வரியில் இருந்தார், இருபத்தாறு நிமிடம்.

காலையில் பட்டியலை சுந்தரத்தின் மேஜையில் வைத்துவிட்டு யுபிஎஸ் பார்க்கப் போனேன். அந்தக் கடையில் தினமும் லேட்டாக வந்தவர்கள் பெயரை பிரின்ட் எடுத்து, கைரேகை வைக்கிற மெஷினுக்கு மேலே போர்டில் குத்தி வைப்பார்கள். பெயரும் மணியும் போட்ட தாள் எது வந்தாலும் சுந்தரத்தின் கை தானாகக் குண்டூசியைத் தேடும். படித்துப் பார்க்கிற வழக்கமில்லை. என் பட்டியலையும் அப்படியே குத்திவிட்டார்.

பத்து மணிக்குள் மூன்று மாடியும் வந்து படித்துவிட்டது. பக்கத்துக் கடை செக்யூரிட்டிகூட வந்து எட்டிப் பார்த்தார்.

பன்னிரண்டு மணிக்கு என்னையும் வசந்தாவையும் கூப்பிட்டார் அண்ணாச்சி. தாள் அவர் கையில் இருந்தது.

"என்ன வேல பண்ணிட்டீரு பாய்? நான் முதலாளி வே. என்னையும் சேத்துட்டீரே."

"ஒருத்தரையும் விடக்கூடாதுன்னீங்களே அண்ணாச்சி."

"காலையில இருந்து வாரவன் போறவன் எல்லாம் என் கண்ணையே பாக்கான், மூடுதேனான்னு. வாங்க வந்த அம்மா ஒண்ணு, 'தூங்கலையா'ங்குது. நிமிந்து உக்காந்து உக்காந்து முதுகு போச்சு. ரெண்டு மணி நேரத்துல மனுசன் செத்துருவான் போல."

வசந்தா சத்தம் போடவில்லை. மேஜையில் இருந்த லெட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்களுக்கு ரெண்டு மணி நேரம் அண்ணாச்சி. எங்களுக்கு டெய்லி."

வேலை போகப் போகிற ஒருத்தர் முதலாளியிடம் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. அண்ணாச்சி தாளை மேலிருந்து கீழே ஒரு முறை படித்தார். பிறகு பட்டியலையும் லெட்டரையும் ஒன்றாக நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"ஸ்டூலு உறையெல்லாம் பிரிக்கச் சொல்லு" என்றார், சுவரைப் பார்த்து. "பாய், அந்த லஞ்ச் ரூம் கேமரா வயரை எடுத்துருங்க. டோம் மட்டும் அப்படியே இருக்கட்டும். ஒரு பயம் வேணும்லா."

4. காலி டோம்

வயரைப் பிடுங்கினேன். உள்ளே லென்ஸையும் கழற்றி, ஒன்பது பேரிடமும் காட்டிவிட்டுத்தான் மூடினேன். வசந்தாவின் வேலை தப்பியது, லஞ்ச் ரூமும் திரும்பக் கிடைத்தது என்று நல்ல திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

பத்து நாள் கழித்து, தீபாவளிக் கூட்டத்துக்கு நடுவில், வேறு வேலையாகப் போனேன். பட்டு செக்‌ஷனில் வசந்தா ஸ்டூலில் உட்கார்ந்தபடி புடவை மடித்துக்கொண்டிருந்தார். மதியம் ஒன்றரைக்குப் பார்த்தால் ஒன்பது பேரும் பழையபடி படியில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"உள்ள ஒண்ணும் இல்லன்னு கண்ணால காட்டினேனே. அது வெறும் காலி டப்பாம்மா."

"எனக்குத் தெரியுது பாய்" என்றார் வசந்தா, கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு. "தொண்டைக்குத் தெரியலையே."

கேமரா மாட்டும்போது வாங்குகிறவரிடம் இந்தத் தொழிலில் இருக்கிற நாம் நூறு கேள்வி கேட்கிறோம். எத்தனை மெகாபிக்சல், எத்தனை நாள் ரெக்கார்டிங், போனில் வர வேண்டுமா. அதற்குக் கீழே நிற்கப் போகிறவரிடம் ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டு டிரில்லைக் கையில் எடுங்கள். நான் கற்றது இவ்வளவுதான், அதுவும் ரொம்பத் தாமதமாக.

அண்ணாச்சியிடம் அனுமதி கேட்கவில்லை. லஞ்ச் ரூமில் ஏணியைப் போட்டு ஏறி, டோமைக் கழற்றிப் பையில் போட்டேன். ஒன்பது பேரும் டிபன் பாக்ஸோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கியும் யாரும் உள்ளே வரவில்லை. வசந்தா அண்ணாந்து கூரையைப் பார்த்தார். வயர் போன துளை ஒன்று தெரிந்தது.

"அந்த ஓட்டையையும் அடைச்சுடு பாய்."

கூட ஆள் யாரும் இல்லை, நானே போய் வெள்ளை சிமென்ட் வாங்கி வந்து குழைத்து அடைத்தேன். அதன் பிறகுதான் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.