பின்கட்டுப் பந்தி

பேய் என்றால் சிரிக்கிற ஆள் நான். சுடுகாட்டு ஓரம் கரும்பு வெட்டப் போனவளுக்கு என்ன பயம்? நீங்களும் சிரிப்பீர்கள், சிரித்துவிட்டுப் போங்கள், ஆனால் என் மகள் கல்யாணத்தில் நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

கள்ளக்குறிச்சியில் அந்தக் கட்டடம் முதலில் வண்டிக்காரர்கள் தங்குகிற சத்திரமாக இருந்ததாம். பிறகு வெள்ளைக்காரன் காலத்தில் ஆஸ்பத்திரி, அப்புறம் நெல் குடோன், இப்போது ஏசி போட்ட கல்யாண மண்டபம். அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவன் என் கூடப்பிறந்த தம்பி. தாய்மாமன் இருக்கும்போது வேறெங்கே போய் மண்டபம் தேடுவது? "ராசியான எடம்க்கா, கண்ண மூடிக்கினு வா" என்றான். நம்பினேன்.

தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டாருக்கென்று பின்கட்டு அறையில் இலை போட்டுப் பரிமாறி, ஈ மொய்க்காமல் கதவைச் சாத்திவிட்டு நானே வாசலில் நின்றேன். அந்த அறைக்கு வேறு வழி கிடையாது. சம்பந்தியம்மாவைக் கூப்பிடும் முன் எட்டிப் பார்த்தால், நம்பினால் நம்புங்கள், எல்லா இலையும் சாப்பிட்டு மூடியிருந்தது. அதுவும் கல்யாணத்தில் மூடுவது மாதிரி நம் பக்கமாக இல்லை, சாவு வீட்டில் மூடுவது மாதிரி எதிர்ப்பக்கமாக.

"இன்னா சம்பந்தி, உள்ள வரலாமாங்க?" என்று முதுகுக்குப் பின்னால் குரல். அந்த அம்மா மட்டும் பார்த்திருந்தால் அபசகுனம் என்று என் பெண்ணை மணவறையிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

"செத்த நேரம் இருங்க, பாயசம் வரட்டும்" என்று கதவை மறைத்து நின்றேன்.

அப்போது தம்பி வந்தான். எதுவும் கேட்கவில்லை, திடுக்கிடவும் இல்லை, கையில் புது இலைக்கட்டோடு வந்தான் பாவி. உள்ளே போய்ப் பழைய இலைகளைக் கூடையில் வாரிப் போட்டுவிட்டுப் புதிதாக விரித்தான். அந்த இலைக்கட்டைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

"ஆஸ்பத்திரி காலத்துல இது பொணம் போட்டு வச்ச ரூம்க்கா. எல்லா கல்யாணத்துலயும் இப்டித்தான். துன்னுட்டுப் போயிருவாங்க, ஒண்ணும் பண்ண மாட்டாங்க. வெளிய சொன்னா எவன் வருவான்?"

ஊரான் ஏமாற்றினால் தாங்கலாம், ஒரே வயிற்றில் பிறந்தவன் செய்தால் எங்கே போய்ச் சொல்லி அழுவது?

இந்தத் தை மாதம் அவன் தன் மகள் கல்யாணத்தை ரிஷிவந்தியம் கோயிலில் வைத்திருக்கிறான். பத்திரிகை நீட்ட வந்தவனிடம், "ஒன் மண்டபத்துக்கு இன்னாடா கேடு?" என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அங்க எடமில்லக்கா. ஒம்பொண்ணு கல்யாணத்துல பின்கட்டுல துன்னக் குந்துனவங்க இன்னும் எழுந்துக்கல."

மகள் இப்போது மாசமாக இருக்கிறாள். அடுத்து எந்த விருந்துக்காக அவர்கள் காத்திருக்கிறார்களோ என்று நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன்.