குளிர்ந்த கையும் சூட்டில் எரியும் பட்டையும்

அவள் கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் ஈரத் துணியைத் தேட மாட்டார்கள், அவளைத்தான் கூப்பிடுவார்கள். அண்ணன்மார் அவள் உள்ளங்கையை நெற்றியில் வைத்துக்கொண்டே தூங்கிப்போவார்கள். கல்யாணமான புதிதில் கணவன் அந்தக் கையைத் தொட்டுவிட்டுப் பயந்துபோய் டாக்டரிடமே அழைத்துப் போனான். "பொண்ணு நல்லாத்தான் இருக்கா. ஆளுக்கு ஒரு உடம்பு வாகு" என்று டாக்டர் சிரித்து அனுப்பிவிட்டார்.

இப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்த வேலைதான் வேடிக்கை. உடம்புச் சூட்டிலேயே ஓடும் மணிக்கட்டுப் பட்டைகளைச் செய்யும் கம்பெனி அது. பட்டையின் அடியில் ஒரு சின்னத் தகடு. அதன் ஒரு பக்கம் தோலில் படும், மறுபக்கம் காற்றைப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள சூட்டு வித்தியாசம் மின்சாரமாகும். சார்ஜர் வேண்டாம். நேரம், நாடித்துடிப்பு, நடந்த தூரம் எல்லாம் திரையில் வரும்.

தகட்டை ஒட்டியவளே பட்டையைத் தன் கையில் கட்டிப் பார்க்க வேண்டும். திரை எரிந்தால் தன் ஊழியர் எண்ணைக் குத்தி அனுப்பலாம். எரியாவிட்டால் கழிவுக் கூடை. அவள் கையில் பாதி எரியவில்லை. கூடை நிரம்ப நிரம்ப சூப்பர்வைசரின் முகம் சுருங்கியது. "ஐஸு" என்று பெயரும் விழுந்தது.

பக்கத்து இருக்கைக்காரிக்கு "அடுப்பு" என்று பெயர். அவள் கையில் எந்தப் பட்டையைக் கட்டினாலும் பளிச்சென்று எரியும். ஆனால் ஒட்டும் வேலை மட்டும் வராது. பசை வழியும், தகடு நழுவும், கட்டிப் பார்க்கும் முன்பே பட்டை கூடைக்குப் போகும்.

"ஏய் ஐஸு, ரெண்டு பேருக்கும் நீயே ஒட்டிடு. ரெண்டு பேருக்கும் நான் கட்டிப் பாத்துடுறேன்."

"மாட்டிக்கிட்டா?"

"உன் மூஞ்சிதான் காட்டிக்கொடுக்கும். குனிஞ்சே உக்காரு."

காதும் காதும் வைத்தாற்போல வேலை நடந்தது. இருவர் கூடையும் காலியாகவே இருந்தது. அந்த ஆண்டு இருவரையும் நிரந்தரமாக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. நிரந்தரமானால் கம்பெனிக் குடியிருப்பில் வீடு கிடைக்கும். கணவனின் அண்ணன் வீட்டில் ஒரே அறையைத் திரை போட்டுப் பிரித்துக்கொண்டு இருக்கிறவளுக்கு அது சின்ன விஷயமா?

பஸ் ஓட்டுகிற கணவனுக்கு அவள் செய்யும் பட்டைகளைப் பார்த்தாலே சிரிப்பு. அவனுடையது சாவி கொடுக்கிற வாட்ச்.

"இதுக்கு என் ரெண்டு விரல் போதும். உன்னோடதுக்கு ரத்தமே கொதிக்கணும் போல."

"உன் வாட்ச் உனக்கு நாடி பாத்துச் சொல்லுமா?"

"நாடி நின்னுட்டா எனக்கே தெரிஞ்சிடும், போ."

பிறகு பட்டைகள் திரும்பி வரத் தொடங்கின. வாங்கியவர்கள் கையில் திரை அணைந்து அணைந்து போகிறதாம். பெரும்பாலானவற்றில் இந்த இருவரின் எண்கள். இன்ஜினியரம்மா கூப்பிட்டு அனுப்பினார். போகிற வழியில் அடுப்பு ஐஸுவின் முழங்கையைக் கிள்ளினாள்.

"பசை மோசம்னு சொல்லிடலாம். பசைக்கு வாயா இருக்கு? யார் கட்டிப் பாத்ததுன்னு மட்டும் உளறிடாத. வீடு போயிடும்டி."

இன்ஜினியரம்மா ஒரு பட்டையைப் பிரித்து லென்ஸின் கீழ் வைத்துக் காட்டினார். தகட்டின் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டு பேர் வேலையை ஒருத்தி அவசரத்தில் செய்தால் அப்படித்தான் நிற்கும். தோலில் சரியாகப் படாத தகடு, கொதிக்கிற கையில் மட்டும் எரியும்.

"எங்க, இன்னொண்ணைக் கட்டுங்க பாப்போம்" என்று இன்ஜினியரம்மா தாமே ஐஸுவின் கையைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் விட்டார். "அம்மாடி! என்ன இப்படி இருக்கு?"

பட்டையைக் கட்டியும் திரை எரியவில்லை.

"உங்க எண் குத்தியிருக்கே. அனுப்புறப்போ எரிஞ்சுதா?"

மேசைக்கடியில் அடுப்பின் கால் அவள் காலை அழுத்தியது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அப்போது எரிந்தது, பிறகு பசை விட்டுவிட்டது. யாராலும் மறுக்க முடியாது.

"தெரியாதும்மா. நான் கட்டிப் பாக்கல. ரெண்டு பேருக்கும் நான் ஒட்டினேன், அவ கட்டிப் பாத்தா."

அடுப்பின் கால் விலகியது.

இன்ஜினியரம்மா திட்டவில்லை. தகடு ஒழுங்காக உட்கார்ந்த சில பட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக அவள் கையில் கட்டினார். மங்கலாகத்தான், ஆனால் எல்லாம் எரிந்தன.

"குளிர்ந்த கைக்காரங்களுந்தான் இதை வாங்குறாங்க. இனி உங்க கையில எரியுறது மட்டும் வெளிய போகட்டும்" என்றார். அடுப்பைப் பெட்டி கட்டுகிற பகுதிக்கு மாற்றினார். நிரந்தரம் இருவருக்கும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது.

கணவன் கேட்டுவிட்டு வாட்சைக் கழற்றிச் சாவி கொடுத்தான். பிறகு, "சரி, இன்னொரு வருஷம் அண்ணன் குறட்டையைக் கேக்கணும்னு இருக்கு" என்றான். அதற்குமேல் அவளை ஒன்றும் கேட்கவில்லை.

அடுப்பு பேச்சை அடியோடு நிறுத்திவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் பெட்டிக்காரர்களோடு போய் உட்கார்ந்தாள். ஒரு நாள் ஐஸு டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் எதிரே போய் நின்றாள்.

"உன் வீடும் போச்சு, என் இடமும் போச்சு. இப்ப மனசு குளிர்ந்துச்சா?"

"இல்ல."

"பின்ன எதுக்குடி சொன்ன?"

ஐஸு யோசித்துப் பார்த்தாள்.

"அவங்க கேட்டாங்க."

அடுப்பு வாயில் இருந்ததை மென்று முடித்தாள்.

"நல்லவேளை, என் வயசைக் கேக்கல" என்றபடி, பக்கத்து இருக்கையில் கிடந்த தன் பையை எடுத்து மடியில் வைத்து, ஐஸுவுக்கு இடம் விட்டாள்.