ஒரு கிழமைக்கு நிரப்பிய போத்தல்

மனைவிக்குக் கொழும்பில் ஒப்பரேசன். ஆறு கிழமை நானும் நாலு வயது மகளும் மட்டும் துறைமுகத்துக் குவாட்டஸில் இருந்தோம். மகளுக்கு ஓயாத மூக்கடைப்பு. டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிற நர்ஸ் மிஸ்ஸி ஒரு சின்னப் போத்தலும் சொட்டு விடுகிற ரப்பர்க் குழாயும் தந்தார்.

"தண்ணியைக் கொதிக்க வைச்சு ஆறவிட்டு, கொஞ்சம் உப்புப் போட்டு மூக்குக்கு விடுங்கோ. ஒவ்வொரு நாளும் புதுசாச் செய்யோணும். மிச்சத்தை ஊத்திப்போடுங்கோ."

ஓம் ஓம் என்று தலையாட்டினேன். ஆனால் நான் சல்லி என்ற கடலோர ஊரில், கருவாடு காய்கிற முற்றத்தில் வளர்ந்தவன். உப்புப் பட்டது மாதக்கணக்கில் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை ஒருதரம் கொதிக்கவைத்து, போத்தலைக் கிணற்றுத் தண்ணீரில் அலசி, கிழமை முழுவதற்கும் நிரப்பி வைத்தேன். மூக்கில் பட்ட குழாயையே திரும்பவும் போத்தலுக்குள் விட்டேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மனைவி இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவேயில்லை. பகலில் மகளைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்கள்; வேலை முடிந்தாலும் வீட்டுக்குப் போகக் கால் எழும்பாது. மகளோ வாசலில் நின்று, "அம்மா எப்ப வருவா? எப்ப என்னைக் கூப்பிடுவா?" என்று கேட்டுக்கொண்டேயிருப்பாள். மனைவி வரும்போது பிள்ளை சுகமாக நிற்கவேண்டும் என்பது ஒன்றுதான் என் ஆசை. கடிதங்களிலும் 'பிள்ளை சுகம்' என்றே எழுதினேன்.

மூன்றாம் கிழமை சளி பச்சையாக வந்தது. பிறகு காய்ச்சல். பிறகு ஒரு காதில் சீழ், இரண்டு நாளில் மற்றதிலும். பிள்ளையையும் போத்தலையும் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினேன். மிஸ்ஸி போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் வழுவழுப்பாய் ஏதோ ஆடியது.

"இதையோ பிள்ளையின்ர மூக்குக்குள்ள விட்டனீங்கள்?"

"உப்புப் போட்டதுதானே, மிஸ்ஸி. எங்கட கருவாடு கெடுறேல்லையே."

"கருவாட்டுக்கு அள்ளிக் கொட்டுறீங்கள். இந்தக் கொஞ்ச உப்புக்குக் கிருமி சாகாது."

ஊசி போட்டுக் காய்ச்சல் விட்டது. சீழும் காய்ந்தது. பின்னால் நின்று கூப்பிட்டால் மகள் திரும்புவதில்லை; விளையாட்டுக் கவனம் என்று விட்டுவிட்டேன். அதன் பிறகு நாள் தவறாமல் போத்தலையும் குழாயையும் கொதிக்கவைத்தேன். யாரும் பார்க்கவில்லை என்றாலும் வெட்கமாக இருந்தது.

ஒரு மத்தியானம் மனைவி பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். மகள் முற்றத்தில், எங்களுக்கு முதுகு காட்டியபடி சிப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"குஞ்சு," என்றாள் மனைவி, வாசல் படலையில் நின்று. எனக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தக் குரல் இல்லாமல் எப்படி இருந்தேன் என்று தோன்றியது.

"குஞ்சு! அம்மா வந்திட்டன்!"

மகள் இன்னொரு சிப்பியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள்.