என் ரிஜிஸ்டரில் இல்லாத சந்து

தொண்ணூறுகளின் கடைசியில் ராயபுரம் பக்கம் ஒரு குடிநீர் வாரிய டெப்போவில் ஜூனியர் என்ஜினியராக இருந்தேன். சாக்கடை அடைப்பு, மேன்ஹோல் பொங்குவது, மழைநீர் வடிகாலில் கழிவுநீர் கலப்பது எல்லாம் என் தலையில். யார் வந்து புகார் சொன்னாலும் ரிஜிஸ்டரில் தேதி போட்டு எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும். எனக்கு அது வெட்டி வேலையாகப் பட்டது.

பவுனம்மா ஹார்பர் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர். என் ஏரியாவில் ஒரு சந்தின் கடைசி வீடு அவருடையது. பள்ளமும் அங்கேதான். அந்தச் சந்தின் சாக்கடைப் பைப்பு வெள்ளைக்காரன் காலத்தது. மாதம் இரண்டு தடவையாவது அடைத்துக்கொண்டு, கழிவுநீர் அவர் வீட்டுக் கக்கூஸ் வழியாகத் திரும்பி உள்ளே வரும். காலையில் டெப்போ வாசலில் நிற்பார்.

“வூட்டுக்குள்ளாற பூந்துகிச்சு நைனா. ஒரே கலீஜு. எங்க கைநாட்டு வைக்கணும்?”

“அதெல்லாம் வேணாம்மா. நீங்க போங்க, ஆள் வருவாங்க.”

பத்து மணிக்குள், அடைப்பெடுக்க ராடு போடும் ஆட்கள் அங்கே இருப்பார்கள். அந்தச் சந்தே என்னைக் கொண்டாடியது. மாதக் கூட்டத்தில் ஏரியா என்ஜினியர், “உன் எடத்துலதான்பா கம்ப்ளைண்டே இல்ல” என்பார். அதில் எனக்குப் பெருமை உண்டு. மறைப்பானேன்?

ஒரு வருஷம் பழைய பைப்புகளை மாற்ற அரசாங்க நிதி வருவதாகப் பேச்சு வந்தது. உடனே பவுனம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

“எம் பொண்ணு புள்ளத்தாச்சியா கீது நைனா. கார்த்திகைல பெத்துக்க இங்கதான் வருது. அதுக்குள்ள ஆயிடுமா?”

“ஆயிடும்மா. உங்க சந்துதான் முதல்ல.”

நிதி வந்தது. எல்லாத் தெருவுக்கும் போதாது. டைப் அடித்த பட்டியலில் பவுனம்மாவின் சந்து இல்லை. ஏரியா என்ஜினியரிடம் ஓடினேன்.

“சார், அங்க பைப்பே நொறுங்கிக் கெடக்கு.”

அவர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். “மூணு வருஷத்துல அந்தச் சந்து பேரு ஒரு எடத்துலயும் இல்லியேப்பா. கம்ப்ளைண்ட் எண்ணிக்கையப் பாத்துத்தான் பணம்னு ஆர்டர். மேல கேட்டா நான் எதைக் காட்றது?”

பக்கத்து ஏரியாக்காரர் ஒன்று விடாமல் எழுதுகிறவர். அவரைக் குமாஸ்தா என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவருக்கு ஆறு தெரு கிடைத்தது. அன்று மத்தியானம், பழைய தேதியில் எழுதிவிடலாமா என்று ரிஜிஸ்டரைத் திறந்தேன். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் கோடு போட்டு முடித்து, நானே கையெழுத்துப் போட்டிருந்தேன். ஒரு வரி நுழைக்க இடமில்லை.

பவுனம்மாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“ஒவ்வொரு தபாவும் கைநாட்டு வைக்கட்டான்னு கேட்டேனே நைனா” என்றார், அவ்வளவுதான்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. அவர் டெப்போவுக்கு வரவில்லை. மனசு கேட்காமல் நானே போனேன். கழிவுநீர் உள்ளே வராதபடி கக்கூஸ் வாயைச் சிமெண்டு வைத்து அடைத்திருந்தார். நிறைமாத மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீரில், தெருமுனைப் பொதுக் கழிப்பிடத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். பவுனம்மா குடையோடு பின்னால் போனார்.

“ஏம்மா வந்து சொல்லல?”

“இன்னாத்துக்கு நைனா? நாங்க கம்ப்ளைண்டே இல்லாத ஜனம்தானே?”

டெப்போவுக்குத் திரும்பி, அந்தச் சந்தின் பெயரை முதல்தடவையாக ரிஜிஸ்டரில் எழுதினேன். புகார் தந்தவர் கையெழுத்துக் கட்டத்தில் என் பெயரைப் போட்டேன். அடுத்த நிதி வருவதற்குள் அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு எம்.கே.பி. நகர் போய்விட்டார்கள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆளை அனுப்புங்கள், ஆனால் முதலில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கிறேன் என்றால் மைப்பெட்டியைத் திறந்து வையுங்கள். நான் அந்தப் பெட்டியைத் திறக்காமலே மூன்று வருஷம் நல்ல பெயர் வாங்கினேன்.