ஞாயிற்றுக்கிழமை அண்டா

பதினாலு வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிற கனீஸ் பாத்திமாவிடம், தான் எடுத்தது என்று காட்ட ஒரு நிமிஷப் படம்கூடக் கிடையாது. நம்ப முடிகிறதா? ஆனால் அதுதான் அவள் தொழில். முஸ்லிம் கல்யாணத்தில் பெண்கள் பக்கம் ஆண் கேமராக்காரன் எட்டிப் பார்க்கக்கூடாது. அங்கே கனீஸ்தான். கல்யாணம் முடிந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவாள். ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து வெட்டி ஒட்டுவாள். படத்தைப் பெண்ணின் அம்மா கையில் கொடுத்துவிட்டு, தன்னிடம் இருப்பதை எல்லாம் அவர்கள் கண்ணெதிரே அழித்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். அந்த வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்களா, அழுதார்களா, எதுவும் அவளுக்குத் தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பீச் பக்கம் ஒரு குறும்படக் குழு இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஆசை ஆசையாகப் போனாள். "நீங்க பண்ணதுல எதையாவது காட்டுங்களேன்" என்றார்கள். காட்ட எதுவும் இல்லை என்றாள். சரி, வருகிறவர்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒரு நோட்டைக் கையில் கொடுத்தார்கள். பன்னிரண்டு பெயர் எழுதினாள். பதின்மூன்றாவது ஆள் வருவதற்குள் நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். கோபம் வந்தால் அவளுக்குச் சமையல் வேகமாக நடக்கும். அன்றைக்கு அரை மணியில் மூன்று குழம்பு.

அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் முத்தியால்பேட்டைக் கூட்டம். மணிக்கூண்டுக்குப் பக்கத்துத் தெருவில் தணிகாசலத்தின் வாடகைப் பாத்திரக் கடை. மாடியில் அண்டா, குண்டா, ஷாமியானா துணி, நடுவில் பத்துப் பேர் உட்கார இடம். தணிகாசலத்துக்கு ஐம்பத்தெட்டு வயதில் வில்லனாக நடிக்க வேண்டும் என்று ஒரு வெறி. இடத்தைச் சும்மாவே கொடுத்தார். ஞாயிறு காலை ஏழு மணிக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். இதற்கு முன்னால் என்ன செய்தாய் என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது. இந்த வாரம் இயக்குகிறவர் அடுத்த வாரம் விளக்குப் பிடிக்க வேண்டும். இந்த விதியால் முதல் மாதமே நாலு மேதைகள் ஓடிப்போனார்கள். போகட்டும், சனி விட்டது!

இருந்தவர்கள் நல்லவர்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஹேமலதா. கனகசெட்டிக்குளத்திலிருந்து பைக்கில் வரும் எழிலரசன். பாகூர் பக்கம் நிலம் பார்த்துக்கொண்டே டவுனில் கம்பெனி வேலைக்கும் போகிற இரண்டு அண்ணன் தம்பி. காலேஜ் படிக்கிற பெண் அபி. அவர்கள் வேலை செய்கிற விதமே தனி. எல்லாரும் எடுத்ததை எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்கில் கொட்டுவார்கள். அதற்கு அண்டா என்று பெயர் வைத்தது தணிகாசலம், வேறு யார் வைப்பார்கள்? அண்டாவிலிருந்து ஆளுக்கு ஒரு காப்பி வீட்டுக்குப் போகும். ஒரே காட்சிகளை வைத்து ஏழு பேர் ஏழு படம் வெட்டிக்கொண்டு வருவார்கள். அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் பார்த்துக் காரசாரமாகச் சண்டை போடுவார்கள். பதினாலு வருஷம் தனி அறையில் உட்கார்ந்து வெட்டியவளுக்கு அந்தச் சண்டை எவ்வளவு இனித்தது என்று சொல்லி மாளாது.

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை, அரியாங்குப்பத்தில் தாஜுதீன் பாய் மகள் அஸ்ஃபியாவுக்குக் கல்யாணம். பெண்கள் பக்கம் முழுக்க கனீஸ் எடுத்தாள். களைப்பில் கேமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றிப் பீரோவில் வைக்க மறந்தாள். மறுநாள் காலை தணிகாசலத்தின் சாவுக் காட்சி. நல்ல கேமரா வேண்டும் என்று மனுஷன் ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். அதே கேமரா, அதே கார்டு. அவர் ஏழு தடவை செத்தார். ஹேமலதா வழக்கம்போல கார்டில் இருந்ததை அப்படியே அண்டாவில் கொட்டினாள். எல்லாரும் ஆளுக்கொரு காப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மத்தியானம் ஹேமலதாவிடமிருந்து போன். "அக்கா, அண்டாவுல ஏதோ கல்யாணம் இருக்கு. எல்லாம் பொம்பளைங்களா இருக்காங்க. பாத்ததும் மூடிட்டேன்."

கனீஸ் ஓடிப்போய்க் கேமராவைத் திறந்து பார்த்தாள், கார்டு அதிலேயே இருந்தது. தலையில் துணி போடாமல், சிரித்துக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருந்த அத்தனை பெண்கள்! இவளை நம்பித்தானே அப்படி இருந்தார்கள்? அல்லாவே, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரத்தில் மற்ற ஆறு பேரும் மாடிக்கு வந்துவிட்டார்கள். வேறு யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவள் கண்ணெதிரே அண்டாவிலும் காப்பிகளிலும் இருந்த கல்யாணத்தை அழித்தார்கள், கார்டில் இருந்தது மட்டும் மிச்சம். எழிலரசன் லேப்டாப்பையே உடைத்துவிடட்டுமா என்று கேட்டான்.

"அதான் அழிச்சாச்சேம்மா. யாருக்குத் தெரியப்போவுது? வுட்டுடு" என்றார் தணிகாசலம்.

"எனக்குத் தெரியுமேண்ணே" என்றாள் கனீஸ்.

திங்கட்கிழமை அரியாங்குப்பம் கிளம்பினாள். வேண்டாம் என்று சொல்லியும் ஹேமலதா வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டாள். அஸ்ஃபியா மாப்பிள்ளை வீட்டிலிருந்து விருந்துக்கு வந்திருந்தாள். கூடத்தில் பெண்கள் மட்டும். கனீஸ் சுற்றி வளைக்காமல், நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

அஸ்ஃபியாவின் அம்மா லேசுப்பட்டவள் இல்லை. மகளை அனுப்பிவைத்தபோது ஊரே அழுதது, அவள் மட்டும் பிரியாணிச் சட்டியை எண்ணிக்கொண்டு நின்றாள் என்று ஏற்கெனவே பேச்சு. எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டாள். பிறகு பிடித்துக்கொண்டாள் பாருங்கள்! "ஒன்ன நம்பித்தானேடி வீட்டுக்குள்ள வுட்டேன்? ஒனக்கு எதுக்கு இந்த சினிமாக் கூத்து? நான் ஒரு வார்த்த சொன்னா இந்த ஊர்ல எவ ஒன்னக் கூப்புடுவா?"

அந்த அம்மா அதோடு நிறுத்தவில்லை.

"ஒண்ணு செய். அந்தக் கூட்டத்த இன்னியோட வுட்டுடு. நானும் இத மறந்துடறேன்."

ஹேமலதா கனீஸைப் பார்த்தாள். சரி என்று சொல்லிவிட்டால் பிழைப்பு தப்பும். கனீஸ் வீட்டுக்காரரின் மெக்கானிக் கடையை மட்டும் நம்பி இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாது. அது கனீஸுக்கும் தெரியும்.

"தப்பு கூட்டத்து மேல இல்லக்கா. கார்ட கழட்டாதது நான்தான். கூட்டத்த வுட மாட்டேன். நீங்க சொன்னா, கல்யாண வேலைய வேணா வுட்டுடறேன்." சொல்லிவிட்டாள் கனீஸ். கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

அந்த அம்மா கார்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போடு டிவில. அப்புடி என்னா வெளிய போச்சுன்னு நானே பாக்கறேன்" என்றாள். ஹேமலதா வெளியே போக எழுந்தாள். "நீ எங்க போற? ஏற்கனவே பாத்தவதான, உக்காரு."

படம் ஓடியது. வெட்டாத, ஒட்டாத படம். மருதாணிக் கை, பாட்டு, ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரிப்பது. கூடத்தில் இருந்தவர்களும் சிரிக்கத் தொடங்கினார்கள். தான் எடுத்ததை அந்த வீட்டுப் பெண்களே பார்ப்பதை கனீஸ் பதினாலு வருஷத்தில் முதல்தடவையாகப் பார்த்தாள். டிவி பக்கமே அவள் திரும்பவில்லை, முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று சிரிப்பு நின்றது. திரையில் பாதி திறந்த கதவு. உள்ளே, அரிசி மூட்டைகளுக்கு நடுவில், அஸ்ஃபியாவின் அம்மா தனியாக நின்று, மகளின் பழைய துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள். கேமரா கிட்டே போகவில்லை. சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டுத் தானாக விலகியது.

"அம்மா... நீ அழவே இல்லியேன்னு நான் ரெண்டு நாளா..." அஸ்ஃபியாவால் முடிக்க முடியவில்லை. எழுந்து வந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த அம்மாவும் உடைந்துபோனாள். கூடத்தில் ஒருத்தி கண்ணும் காயவில்லை, ஹேமலதா உட்பட.

வெகுநேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத எப்ப எடுத்த?" என்றாள் அந்த அம்மா.

"நீங்க தனியா இருந்தப்ப. புடிக்கலன்னா வெட்டிடறேன்க்கா."

"வெட்டுவ, வெட்டுவ. கைய ஒடிச்சிடுவேன்." மகளின் தலையைக் கோதிக்கொண்டே கேட்டாள்: "ஒங்க கூட்டத்துல பொம்பளைங்க எத்தன பேரு?"

"என்னயும் சேத்து மூணு பேர்க்கா."

"பத்தாது. இவளயும் சேத்துக்க. மாப்ள கிட்ட நான் பேசிக்கறேன்."